‘மைஸ்’ என்றாள், எலிப்பொறி வாங்கினேன்

1

பாளையங்கோட்டையிலிருந்து போன் செய்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “லில்லி இப்பம் பேசுதாளா?”

பேசுகிறாள் என்றால், “போன அவ கையில குடுங்க” என்பார்கள். இல்லை என்றால் அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும். அப்புறம் நான்தான் அவர்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். இதுவரை பதினேழு பேருக்குச் சொல்லிவிட்டேன். பதினெட்டாவது ஆளுக்குச் சொல்லத் தெம்பில்லை. நம் சபையின் மாத இதழில் இரண்டு பக்கம் தருகிறோம் என்றார்கள். எல்லோருக்குமாக ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் ஆசிரியர் பொறுத்துக்கொள்ளட்டும்.

இந்த ஜூனில் நாங்கள் செகந்திராபாத்துக்கு வந்து நாற்பத்திரண்டு வருஷம் ஆகிறது. ஊரில் இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குக் காலம் வெளியூரில் இருந்தாகிவிட்டது. எனக்குச் சனத்நகரில் ஒரு வால்வுத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. செய்து முடித்து வரும் உருப்படிகளை அளந்து, எண்ணி, சரியானதை வெளியே தாட்டிவிட்டு, சரியில்லாததைச் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருப்பதில்லை. மாடிப்படி, மாத்திரை, துணிக்கொடியில் கிளிப், எதிர்வீட்டு ஏசி பெட்டி மேல் உட்காரும் புறா என்று எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பேன். என் மனைவி லில்லி மாரெட்பள்ளியில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். முப்பது வருஷம் அதே வகுப்பு. இந்தத் தெருவில் இன்றைக்கும் என்னை யாருக்கும் தெரியாது. “லில்லி மிஸ் ஹஸ்பண்ட்” என்றால் ஆட்டோக்காரர் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்.

போன பிப்ரவரியில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் தொய்ந்துவிட்டன. கால் பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டது, கை பாதி வந்துவிட்டது. பேச்சு மட்டும் வரவில்லை. நாம் பேசுவதெல்லாம் அவளுக்கு விளங்குகிறது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கிறாள், முறைக்க வேண்டிய இடத்தில் முறைக்கிறாள். வாயைத் திறந்தால் சொல் வருவதில்லை. காற்றுதான் வரும்.

என்னை அவள் “ஏங்க” என்று கூப்பிடுவாள். ஊரில் பாதிப் பெண்கள் புருஷனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரு வாலும் உண்டு. அவள் “ஏங்க” என்பாள். நான் எதையாவது எண்ணிக்கொண்டிருப்பேன். எண்ணிக்கை விட்டுப்போகாமல் இருக்க, “இரு, எண்ணிட்டிருக்கேன்” என்பேன். என் மகன் பிரபு சின்ன வயதில் அப்பா அம்மா விளையாட்டு விளையாடினால் அவனுக்கு இரண்டே வசனம்தான். கீச்சுக் குரலில் “ஏங்க”. தடித்த குரலில் “இரு, எண்ணிட்டிருக்கேன்”. விருந்தாளிகள் முன்னால் செய்துகாட்டி மிட்டாய் வாங்குவான்.

அந்த ஒரு “ஏங்க” திரும்பக் கிடைத்தால் போதும் என்றுதான் பிப்ரவரியிலிருந்து நான் ஜெபம் பண்ணுகிறேன். பெரிய வாக்கியம் ஒன்றும் கேட்கவில்லை.

2

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் இடத்தில் முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நோயாளியின் மொழி என்ற இடத்தில் நான்கு கட்டங்கள்: தெலுங்கு, இந்தி, உருது, ஆங்கிலம். ஐந்தாவதாக ‘மற்றவை’ என்று ஒரு கட்டம். நான் மற்றவையில் குறி போட்டு, பக்கத்தில் தமிழ் என்று பெரிய எழுத்தில் எழுதினேன். கவுண்டரில் இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, “தமிழ் தெரிஞ்ச தெரபிஸ்ட் இல்லை சார், கம்ப்யூட்டர் மற்றவையை எடுக்காது, இங்கிலீஷ்னு போட்டுடவா?” என்று தெலுங்கில் கேட்டாள். கூடாது என்றேன். இங்கிலீஷ் அவளுடைய உத்தியோகம், பாஷை அல்ல என்று அரைகுறைத் தெலுங்கில் விளக்கினேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். மானேஜர் வந்தார். அவருக்கும் விளக்கினேன். கடைசியில் தெலுங்கு என்று பதிந்துகொண்டு எங்களை உள்ளே அனுப்பினார்கள்.

உள்ளே இருந்தவள் நஸ்ரீன். முப்பது வயதுகூட இருக்காது, எப்போதும் சிரித்த முகம். “டென்ஷன் நக்கோ அங்கிள்” என்பதுதான் அவள் முதலில் சொன்னது. எதற்கும் அதையே சொல்வாள். நக்கோ என்றால் வேண்டாம். இந்த ஊரில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய சொல் அது.

பல தடவை சொல்லிப் பழகிய சொற்கள் சிலருக்கு முதலில் திரும்பி வரும் என்றாள் நஸ்ரீன். ஒன்று இரண்டு மூன்று, கிழமைகளின் பெயர், ஜெபம், பாட்டு இப்படி. பாதியை நீங்கள் சொல்லுங்கள், மீதியை ஆன்ட்டி முடிக்கட்டும், உங்கள் பாஷையிலேயே செய்யுங்கள் என்றாள். இந்த ஆரம்ப மாதங்கள் முக்கியம், அசட்டையாக விட்டுவிடக் கூடாது என்றும் சொன்னாள். நான் அசட்டையாக விடுகிற ஆளா?

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்துவிட்டேன். “ஒண்ணு, ரெண்டு…” என்று நிறுத்துவேன். அவள் என் வாயையே பார்ப்பாள். “ஞாயிறு, திங்கள்…” ஒன்றும் வராது. ஆலயத்தில் பாடும் பாட்டைப் பாதி பாடி நிறுத்தினேன். ராகம் வந்தது, மூக்கால் கடைசி வரை முனகிவிட்டாள். சொல் வரவில்லை. ஒருநாள் நான் எண்பது வரைக்கும் எண்ணியும் அவள் வாய் திறக்காதபோது நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். அவள் இடது கையால் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பேச முடியாதவள் அவள், தேற்றப்பட்டவன் நான்.

3

ஏப்ரலில் ஒருநாள் காலை, இட்லியை விண்டு அவள் வாயில் கொடுக்கப் போகும்போது, என் முகத்தை நேராகப் பார்த்து, “மைஸ்” என்றாள்.

தெளிவான சொல். கையில் இருந்த இட்லி விழுந்துவிட்டது.

மைஸ் என்றால் எலிகள். ஒன்றல்ல, பல. முதலில் சந்தோஷப்பட்டேன், அடுத்த நிமிஷம் கவலைப்பட்டேன். நாள் முழுதும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவள், நான் பார்க்காததைப் பார்த்திருப்பாள். அரிசி டிரம்மின் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போய் எலிப்பொறி ஒன்று வாங்கிவந்தேன். மசால்வடை கிடைக்கவில்லை, இந்த ஊர் மிர்ச்சி பஜ்ஜியில் ஒரு துண்டு வைத்தேன். காலையில் பஜ்ஜி அப்படியே இருந்தது. இந்தக் காரத்துக்கு எந்த எலி வரும் என்று இன்னொரு பொறி வாங்கித் தேங்காய்ச் சில்லு வைத்தேன். அதிலும் ஒன்றும் விழவில்லை. லில்லி மட்டும் என்னைப் பார்த்து மறுபடி “மைஸ்” என்பாள். இடது கையை உள்ளங்கை தெரிய என் பக்கமாக நீட்டுவாள். கொஞ்ச நேரம் காத்திருப்பாள். நான் பொறியைக் கொண்டுவந்து காட்டுவேன். அவள் முகம் வாடிவிடும்.

அடுத்த வாரம் “ஃப்ராக்ஸ்” என்றாள். தவளைகள். குளியலறையில் வாளிகளை எல்லாம் கவிழ்த்துப் பார்த்தேன். நாங்கள் இருப்பது இரண்டாம் மாடி. தவளை எப்படி ஏறும் என்று யோசிக்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

அதற்கு அடுத்த நாள், “ஸ்நேக்ஸ்” என்றாள்.

எலி இருந்தால் பாம்பு வரும், தவளை இருந்தாலும் பாம்பு வரும். கணக்கு சரியாக இருக்கிறது. நான் இரண்டு காலையும் கட்டில் மேல் தூக்கி வைத்துக்கொண்டு வாட்ச்மேனுக்குப் போன் செய்தேன். அவர் தடியோடு வந்தார். அவரோடு கீழ்வீட்டுக்காரர், அவருடைய மகன், பால் போட வந்தவர் எல்லோரும் வந்தார்கள். சோபாவைப் புரட்டினார்கள். 2011-இல் தொலைந்த என் மூக்குக்கண்ணாடி கிடைத்தது. லில்லி உள்ளங்கையை நீட்டியபடி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அந்தக் கையில் ஒன்றையும் வைக்கவில்லை.

பிரபு இதே ஊரில் கச்சிபௌலியில் இருக்கிறான். பெரிய கம்பெனி, பெரிய வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். விஷயத்தைக் கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

“டாடி, பாம்புமில்ல, எலியுமில்ல. மம்மிக்கு கன்ஃப்யூஷன். டாக்டர்ட்ட சொல்லலாம்.”

“கன்ஃப்யூஷன் உனக்குலே. அவ கண்ணப் பாரு. என்னமோ கேக்கா.”

“என்ன கேக்குறாங்க?”

அது தெரிந்திருந்தால் நான் ஏன் இரண்டு பொறி வாங்குகிறேன்?

4

மே மாதம் ஒரு சனிக்கிழமை சுவப்னா வந்தாள். தெலுங்குப் பெண், லில்லியிடம் இரண்டாம் வகுப்பு படித்தவள். இப்போது அல்வாலில் ஒரு வங்கிக் கிளைக்கு மானேஜர். கல்யாண வயதில் அவளுக்கே ஒரு மகள் இருக்கிறாள். மிஸ்ஸுக்கு உடம்பு சரியில்லை என்று அப்போதுதான் கேள்விப்பட்டாளாம். ஒரு பை நிறைய சாத்துக்குடி கொண்டுவந்தாள். பதினாறு.

லில்லி அவளை அடையாளம் கண்டுகொண்டாள். கன்னத்தைத் தொட்டாள். சுவப்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் காபி போட எழுந்தேன். அப்போது லில்லி நிமிர்ந்து உட்கார்ந்து, இடது கையை நீட்டி, “மைஸ்” என்றாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே அம்மா, எலி எல்லாம் இல்லை, பொறி வைத்திருக்கிறோம்” என்று நான் சொல்ல ஆரம்பித்தேன். சுவப்னா என் பக்கம் திரும்பவே இல்லை. சோபாவிலிருந்து எழுந்தாள். கைப்பை மடியிலிருந்து விழுந்தது, அதை எடுக்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நாற்பத்தைந்து வயது வங்கி மானேஜர் ஒரு நீள ராகத்தில் சொன்னாள்:

“ஸ்க்வீ…க், மிஸ்.”

லில்லியின் முகத்தை நான் எப்படி எழுதுவேன்? மூன்று மாதமாக மூடிக் கிடந்த கடையைத் திறந்தது போல இருந்தது.

“ஃப்ராக்ஸ்” என்றாள் லில்லி.

“க்ரோ…க், மிஸ்.”

“ஸ்நேக்ஸ்.”

“ஹிஸ்…, மிஸ்.”

“பிஜன்ஸ்.”

“கூ…, மிஸ்.”

“குட்” என்றாள் லில்லி. “குட். சிட்.”

சுவப்னா உட்கார்ந்தாள். உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அப்புறம்தான் எனக்கு விளக்கினாள். பறவைகளும் சின்னப் பிராணிகளும் போடும் சத்தங்களுக்கு இங்கிலீஷில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் உண்டு. இரண்டாம் வகுப்பில் அது ஒரு பாடம். தினமும் காலையில் அட்டெண்டன்ஸ் எடுத்ததும் மிஸ் அதை வைத்துத்தான் வகுப்பைத் தொடங்குவாராம். மிஸ் பிராணியின் பெயரைச் சொல்லி, உள்ளங்கையை நீட்டுவார். பிள்ளைகள் சத்தத்தைச் சொல்லி வாக்கியத்தை முடிக்க வேண்டும். “தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம் அங்கிள்” என்றாள்.

நஸ்ரீன் சொன்னது சரிதான், பல தடவை பழகியதுதான் முதலில் வரும். நாங்கள் பாதியை மாற்றிப் பிடித்துவிட்டோம். நான் முதல் பாதியைச் சொல்லிவிட்டு, இரண்டாம் பாதிக்கு அவள் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். முப்பது வருஷமாக முதல் பாதியைச் சொன்னவள் அவள். இரண்டாம் பாதி மற்றவர்களுடையது. அவள் தன் பங்கைச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே வகுப்பு இல்லை, எலிப்பொறியோடு நான் நின்றிருந்தேன்.

5

என் பங்கை நான் படிக்க வேண்டியதாயிற்று.

என் இங்கிலீஷ் தொழிற்சாலை இங்கிலீஷ். கேஜ், டாலரன்ஸ், ரிஜக்ட் எல்லாம் தெரியும். குருவி என்ன செய்யும் என்று கேட்டால் பறக்கும் என்றுதான் சொல்வேன். பேத்தி ரியாவுக்குப் போன் செய்தேன். பதினோரு வயது. தமிழ் விளங்கும், பதில் மட்டும் வேறு எந்த மொழியில் வரும் என்று சொல்ல முடியாது.

“ரியா, ஸ்பாரோஸ் என்ன செய்யும்?”

“சர்ப், தாத்தா.”

“கிரிக்கெட்ஸ்? சுவர்க்கோழி?”

“அதி கூட சர்ப்.”

“எப்படி? குருவிக்கும் சுவர்க்கோழிக்கும் ஒரே சொல்லா? ஒரே ஸைஸில் ரெண்டு பார்ட்டா?”

“தாத்தா, நேனு மேக் பண்ணலேது. இட் இஸ் வாட் இட் இஸ்.”

நான் உண்டாக்கியது இல்லை என்கிறாள், ஒரு வாக்கியத்தில் மூன்று பாஷை. முன்பெல்லாம் இதற்குக் கோபப்படுவேன். பிரபுவிடம் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். இப்போது அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். வாத்து குவாக். தேனீ பஸ். ஆந்தை ஹூட். கிளி ஸ்க்ரீச். கோழி க்ளக். காகம் கா. கீஸ் என்று ஒன்று, பெரிய வெள்ளை வாத்து, அது ஹாங்க். லாரி ஹாரனுக்கும் அதே சொல்தானாம். மொத்தம் இருபத்துநான்கு.

எழுதும்போது ஒன்று ஞாபகம் வந்தது. இந்தச் சொற்கள் லில்லிக்கும் பிறந்த இடத்துச் சொற்கள் இல்லை. அவள் தமிழ் மீடியத்தில் டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு இங்கே வந்தவள். இங்கே தமிழ் டீச்சருக்கு வேலை இல்லை, இங்கிலீஷ் தெரிந்தால் இரண்டாம் வகுப்பு இருக்கிறது என்றார்கள். சனத்நகரில் நாங்கள் முதலில் இருந்த ஒற்றை அறை வீட்டில், ஒரு வயதுப் பிரபுவை இடுப்பில் வைத்துக்கொண்டு, குழம்பைக் கிண்டிக்கொண்டே அவள் அவற்றை நெட்டுருப் போட்டாள். அந்த வீட்டைச் சுற்றி எலியும் பல்லியும் தவிர ஒரு பிராணியும் கிடையாது. கீஸ் என்பதை அவள் இன்றுவரை பார்த்ததில்லை. பார்க்காத பறவையின் சத்தத்தைப் படித்து, அதைப் பார்க்காத பிள்ளைகளுக்கு, தெலுங்கும் உருதும் தமிழும் பேசுகிற பிள்ளைகளுக்கு, முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்தாள். அந்தச் சம்பளத்தில்தான் இந்த வீட்டின் பாதி.

வெளியூரில் பிழைப்பது என்றால் வேறென்ன? நான் வால்வு எண்ணினேன். அவள் அந்நிய வாத்துகளுக்குக் குரல் கொடுத்தாள்.

மறுநாள் காலை இட்லிக்குப் பிறகு, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால். அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

“டக்ஸ்.”

“குவாக்.”

கை இன்னும் நீட்டியே இருந்தது. என்ன குறை என்று எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

“குவாக், மிஸ்.”

“குட்” என்றாள்.

6

அப்படியே நாட்கள் போயின. ஆனால் எனக்கு உள்ளே ஒரு குறுகுறுப்பு. அவள் சொல்வது எல்லாம் இங்கிலீஷ், எல்லாம் வகுப்பறை. நான் அவளுக்கு மாணவனாகிவிட்டேன், சரி. புருஷனை எப்போது கூப்பிடுவாள்? நாற்பத்துமூன்று வருஷக் குடித்தனத் தமிழ் எங்கே போயிற்று? படிவத்தில் இங்கிலீஷ் என்று போடாதே என்று சண்டை போட்ட நான், இப்போது அந்தக் கவுண்டர் பெண்ணிடம் தோற்றுப்போனேனா?

ஒருநாள் துணிந்து தமிழைப் புகுத்திப் பார்த்தேன்.

“க்ரோஸ்” என்றாள்.

“காகம் கரையும்” என்றேன்.

பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் படித்ததுதான். காகம் கரையும், மயில் அகவும், ஆந்தை அலறும், வண்டு முரலும். எவ்வளவு அழகான சொற்கள். காகம் இங்கிலீஷில் வெறும் கா. நம்மிடம் கரைகிறது.

லில்லி என்னைப் பார்த்த பார்வையில் பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது டீச்சரின் பார்வை. இங்கிலீஷ் பீரியடில் தமிழில் பதில் சொன்ன பையனைப் பார்க்கிற பார்வை.

“நோ” என்றாள். கை நீண்டபடியே இருந்தது.

“கா, மிஸ்” என்றேன்.

அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் அந்தத் தப்பு நடந்தது. “கீஸ்” என்றாள். எனக்கு ஹாங்க் என்பது மறந்துவிட்டது. வாத்து இனம்தானே என்று “குவாக், மிஸ்” என்றேன்.

“நோ.”

யோசித்தேன். வரவில்லை. “ஹூட்?” என்றேன்.

“நோ!” உள்ளங்கையை மடக்கி நாற்காலிக் கையில் தட்டினாள். பொறுமை போய்விட்டது. உதடு ஒருமுறை கோணிக்கொண்டு போய்த் திரும்பியது. “ஹாங்க்!” என்றாள்.

இரண்டாம் பாதி. அவள் வாயிலிருந்து.

நஸ்ரீனுக்கு உடனே போன் செய்தேன். அந்தப் பக்கம் அவள் குதித்தாள் என்றுதான் நினைக்கிறேன், சத்தம் அப்படிக் கேட்டது. “கல் பீ கலத்திச் போலோ அங்கிள்!” என்றாள். நாளைக்கும் தப்பாகவே சொல்லுங்கள் என்று அர்த்தம். ஆன்ட்டி திருத்தட்டும், திருத்தத் திருத்தத்தான் புதுசு வரும் என்றாள்.

அவளுக்குச் சுலபம். என் கஷ்டம் அவளுக்கு எங்கே தெரியும்? முப்பத்துநான்கு வருஷம், தப்பு என்று தெரிந்து ஒரு வால்வைக்கூட நான் தாட்டிவிட்டதில்லை. சூப்பர்வைசர் கெஞ்சியிருக்கிறார், லாரி கேட்டில் நின்றிருக்கிறது, அளவு பார்க்கும் கேஜ் நுழையாவிட்டால் சிவப்புப் பெட்டிதான். இப்போது தினமும் காலையில் காபியோடு உட்கார்ந்து, இன்றைக்கு எந்தத் தப்புகளைச் செய்வது என்று யோசிக்கிறேன். மூன்று சரியாகச் சொன்னால் ஒன்று தப்பு. அதற்கு மேல் போனால் சந்தேகம் வந்துவிடும். தப்பும் நம்பும்படியான தப்பாக இருக்க வேண்டும். கோழிக்குக் குவாக் என்றால் நம்புவாள், ஹிஸ் என்றால் நம்ப மாட்டாள். சரியான பதில் நாக்கு நுனியில் நிற்கும்போது அதை விழுங்கிவிட்டுத் தப்பைச் சொல்வது, இந்த வயதில், பெரிய தேகப்பயிற்சி.

பலன் வந்தது. முதலில் “நோ. க்ளக்.” பிறகு “நோ. ஹென்ஸ் க்ளக்.” முழு வாக்கியம். ஜூன் பிறந்ததும் “நோ, நோ, லிசன்” என்று ஒரு புதுச் சொல்லும் சேர்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமை பிரபுவும் ரியாவும் வந்து பக்கத்தில் நின்றார்கள். மூன்று பேர் வகுப்பு. பிரபுவுக்கு ஆந்தை தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

“பிரபு!” என்றாள் லில்லி. “ஷேம்.”

தன் பெயரைக் கேட்டதும் அவன் பால்கனிக்குப் போய்விட்டான். திரும்பி வந்து, “டாடி, இனிமே புதன்கிழமையும் வரேன்” என்றான்.

அவன் பெயர் வந்துவிட்டது. என் முறை வரவில்லை. மகன் மேல் பொறாமைப்படக்கூடாது என்று ஜெபத்தில் சேர்த்துக்கொண்டேன்.

7

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

காலை ஒன்பது மணி வெயில். எதிர்வீட்டு ஏசி பெட்டி மேல் ஏழு புறா. நான் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு நின்றேன். குருவி, தவளை, கிளி மூன்றும் சரியாகச் சொன்னேன். நாலாவது, தப்பின் முறை.

“பீஸ்” என்றாள்.

பஸ் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சமையலறை ஜன்னலில் ஒரு தேனீ அதையே சொல்லிக்கொண்டிருந்தது. முகத்தைச் சுருக்கி, மேலே பார்த்து, யோசிக்கிற மாதிரிச் செய்து, “சர்ப், மிஸ்?” என்றேன்.

“நோ” வரவில்லை.

பார்த்தேன். அவள் என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைக் கொஞ்சம் இடுக்கிக்கொண்டாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள். முப்பது வருஷம் ஏழு வயதுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவள். எந்தப் பிள்ளைக்குத் தெரியாது, எந்தப் பிள்ளை தெரிந்துகொண்டே நடிக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? என் காது சூடாகிவிட்டது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

அவள் சிரித்தாள். சத்தமாக, தோள் குலுங்க. கோணல் இன்னும் முழுக்கப் போகாத அந்த வாயால் சிரித்தாள். இடது கையால் என் வயிற்றில் ஓர் அடி வைத்தாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. எனக்கு அந்த முகத்தை நேரே பார்க்க ஒரு மாதிரி இருந்தது. திரும்பிக்கொண்டு புறாக்களை எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

“ஏங்க.”

எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

திரும்பினேன். சரியாகத்தான் கேட்டேனா என்று சந்தேகம். அவள் உதட்டைக் குவித்து, கவனமாக, இன்னொரு முறை சொன்னாள். “ஏங்க.”

அவள் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, “சொல்லு லில்லி. சொல்லும்மா. என்ன வேணும்?” என்றேன்.

“நோ” என்றாள்.

கையை என் பிடியிலிருந்து உருவிக்கொண்டாள். உள்ளங்கை தெரிய என் பக்கம் நீட்டினாள்.

“ஏங்க…” என்று சொல்லி நிறுத்தினாள்.

அந்தக் கையைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எழுந்து நின்றேன். முட்டி இரண்டும் சொடுக்கின. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். குரல் நடுங்காமல் இருக்க ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னேன்:

“இரு, எண்ணிட்டிருக்கேன்.”

“குட்” என்றாள் லில்லி.